கஷ்டத்தில் மனதை எங்கே நிறுத்துவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"பாசிட்டிவா இருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிக்கா இருக்கறது?"

கோத்தகிரி டானிங்டனில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் லைன் வீடுகளில் இருக்கும் பெண் கேட்டாள். குன்னூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. தம்பி படித்து முடித்து வேலையில்லாமல் இருக்கிறான். அதே வாரம், எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் அண்ணன் வேறு வார்த்தைகளில் அதையே கேட்டார். "பசுந்தேயிலை விலையைப் பார்த்தா செடியைப் பிடுங்கிப் போட்டுடலாம்னு தோணுது. இல்ல, நல்லது நடக்கும்னு இருந்துடலாமா?"

இருவருக்கும் அன்றைக்கு ஏதோ சமாதானம் சொன்னேன். சொன்னது எனக்கே போதவில்லை. அதனால்தான் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன்.

மனதை இப்படித்தான் வைத்துக்கொள்வேன் என்று நாமே முடிவு செய்ய முடியுமா என்று கேட்டால், பாதிதான் முடியும். முதல் பயம் கேட்காமல் வந்துவிடும். இரவு ஓட்டின் மேல் மழை சத்தமாக விழுந்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதற்கு அடுத்த நிமிஷம் என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் கை கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்குள் நான் பார்த்த வழிகள் நான்கு.

எதை வைத்து எடை போடுவது

முதலில் தூக்கம். ஒரு வழி எவ்வளவு உயர்வாக இருந்தாலும் ராத்திரி தூங்கவிடவில்லை என்றால் அது ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. அடுத்தது, மறுநாள் காலை வேலை. கொழுந்து முற்றிவிடும், பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கிறது, மாத்திரை வாங்க வேண்டும். இவை நடக்கின்றனவா? மூன்றாவது, எதிர்பார்த்தபடி நடக்காமல் போனால் அந்த மனநிலை நம்மைத் தாங்குமா, இல்லை நம்மோடு சேர்ந்து சரியுமா?

நான்காவதைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாம் இப்படி இருப்பதால் வீட்டில் கூட இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? நம் நம்பிக்கைக்கும் பயத்துக்கும் பாதி விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள். நான் வளர்ந்த வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி: "எல்லாம் நல்லபடியா நடக்கும்"

இது என் அப்பாவின் வழி. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964-ல் போட்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் காத்திருந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்தார்கள். பிறந்த ஊர் போய்விட்டது. போகும் ஊர் தெரியாது. கையில் ஒரு ட்ரங்க் பெட்டி. "நல்லதுக்குத்தான் நடக்குது"ன்னு அப்பா சொல்லிச் சொல்லியே எங்களைக் கூட்டி வந்தார் என்று அம்மா சொல்வார். அந்தக் கேம்ப்பில் அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாதிரி நேரத்துக்கு அந்த நம்பிக்கையைவிட நல்ல போர்வை இல்லை. தூங்க வைத்தது, பிள்ளைகளை அழாமல் வைத்தது.

அதே நம்பிக்கை முப்பது வருஷம் கழித்து எங்களைக் கடனில் தள்ளியது. எஸ்டேட் வேலையில் சேர்த்த காசில் அப்பா 60 சென்ட் தேயிலை வாங்கியிருந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்த பின் நம் மலைத் தேயிலைத் தூளுக்கு இருந்த பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 2000 வாக்கில் பசுந்தேயிலை கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது. அப்பா "தீபாவளிக்குள்ள ஏறிடும்" என்றார். அப்புறம் பொங்கல் என்றார். அப்புறம் சித்திரை. ஒவ்வொரு தேதிக்கும் உரத்துக்காக அம்மாவின் நகை ஒன்று அடகுக்குப் போனது. தேதி தவறும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதுதான் நகையைவிடப் பெரிய நஷ்டம்.

வியட்நாமில் ஏழு வருஷத்துக்கும் மேல் போர்க்கைதியாக இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் பின்னாளில் இதையே சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குள் வெளியே போய்விடுவோம், ஈஸ்டருக்குள் போய்விடுவோம் என்று தேதி வைத்து நம்பியவர்கள்தான் உடைந்துபோனார்களாம். கடைசியில் வெளியே வருவோம் என்ற நம்பிக்கை அவருக்கும் இருந்தது, ஆனால் அதற்கு அவர் தேதி வைக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் தீபாவளியும் பொங்கலும்தான் ஞாபகம் வந்தன.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. கண்ணாடி முன் நின்று "நான் நல்லவள், என்னால் முடியும்" என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்களே, அதை 2009-ல் கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்மேல் மதிப்பு உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ, சொல்லச் சொல்ல மனநிலை இன்னும் மோசமானது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே ஒரு குரல் "பொய்" என்கிறது. ஆக, யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே இந்த மருந்து கைவிடுகிறது. துவண்டு கிடப்பவரிடம் "பாசிட்டிவா இரு" என்று சொல்லும் முன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச வந்ததை அந்த ஒரு சொல் அடைத்துவிடும்.

இரண்டாவது வழி: கெட்டதை முன்கூட்டி நினைத்துத் தயாராவது

இது அம்மாவின் வழி. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கும். ரேஷன் கார்டு, பட்டா, அப்பாவின் தாயகம் திரும்பியோர் அட்டை, டார்ச், தீப்பெட்டி, இரண்டு போர்வை, அப்பாவின் மாத்திரை. ஐப்பசி பிறந்தால் பையை இறக்கிச் சரிபார்ப்பார். நாங்கள் கேலி செய்வோம்.

2009 நவம்பரில் அந்த மழை வந்தது. 10-ம் தேதி கேத்தியில் மட்டும் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர். ஊட்டிக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைச் சுவர் வரை மண் வந்து நின்றது. யோசிக்கவே நேரமில்லை. அம்மா பையை எடுத்தார், அப்பாவின் கையைப் பிடித்தார், பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அந்த இரவில் பட்டாவும் மாத்திரையும் கையில் இருந்த வீடு எங்கள் வரிசையில் எங்களுடையது மட்டும்தான்.

இந்த மலையில் விவசாயமே இந்த வழியில்தான் ஓடுகிறது. மார்கழி, தையில் உறைபனி விழும் என்று தெரிந்துதான் ஊட்டிப் பக்கம் பூச்செடிகளைக் கோத்தகிரி மிளாறு என்ற செடியின் தழை வைத்து மூடுகிறார்கள், விடியலில் ஸ்பிரிங்ளர் ஓட விடுகிறார்கள். அதைச் செய்பவரை யாரும் அவநம்பிக்கைக்காரர் என்று சொல்வதில்லை. ஜூலி நோரமும் நான்சி கேன்டரும் 1986-ல் எழுதிய ஆய்வு இதைத்தான் மனதளவில் காட்டியது. சிலர் தவறக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத்தான் பதற்றத்தை அடக்குகிறார்கள், அவர்களைப் போய்த் தேற்றினால் வேலை கெடுகிறது. அம்மா அப்படிப்பட்டவர். "ஒண்ணும் ஆகாதும்மா" என்றால் கோபம்தான் வரும்.

ஆனால் செலவைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்த வருஷத்துக்குப் பின் அம்மா எந்த நவம்பரிலும் முழுதாகத் தூங்கவில்லை. தூறலுக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவர் எழுந்தால் நான் எழுவேன். இன்று மழைச் சத்தத்துக்கு என் நெஞ்சு அடிப்பது மண்சரிவால் மட்டுமா, அம்மா எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகியதாலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பை தயாரான பிறகும் பயம் ஓய்வெடுக்கவில்லை, அதுதான் கோளாறு. பயம் ஒரு வேலையில் போய் முடிந்தால் அது தயாரிப்பு. வேலை முடிந்தும் ஓடிக்கொண்டே இருந்தால் அது நோயின் வாசல்.

இதற்கு ஒரு கைமருந்து இருக்கிறது. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1980களில் சோதித்தது. தினம் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைக்கு ஒதுக்குங்கள். மற்ற நேரம் கவலை வந்தால் "சாயங்காலம் வா" என்று தள்ளிப்போடுங்கள். நான் நாலு வருஷமாக இதைச் செய்கிறேன். விளக்கு வைத்ததும் அடுப்படித் திண்ணையில் ஒரு நோட்டோடு உட்காருவேன். முதல் பத்து நாள் பெரிய மாற்றம் தெரியவில்லை. அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு வருவது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது.

மூன்றாவது வழி: கண்ணையும் காதையும் மூடிக்கொள்வது

"நியூஸே பாக்கறதில்ல, நிம்மதியா இருக்கேன்" என்பவர்களைக் கோழை என்று நினைத்திருந்தேன். 2024 ஜூலை 30 என் எண்ணத்தைப் பாதி மாற்றியது. கூடலூருக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன நாள். ஒரு வாரம் போனைக் கீழே வைக்கவில்லை. ஒரே வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. யாருக்கும் ஒரு கைப்பிடி அரிசிகூட அதனால் போய்ச் சேரவில்லை. நான்தான் தூங்கவில்லை.

2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பின் அலிசன் ஹோல்மன் குழு ஓர் ஆய்வு செய்தது. அடுத்த வாரம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே இருந்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. அதைப் படித்த அன்றே வீடியோக்கள் வரும் இரண்டு வாட்ஸப் குரூப்பிலிருந்து விலகினேன்.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வீடியோவை மூடலாம், எச்சரிக்கையை மூடக்கூடாது. ரெட் அலர்ட், பர்லியார் ரோட்டில் மரம் விழுந்த தகவல், கலெக்டர் விடும் லீவு அறிவிப்பு, பாங்கிலிருந்து வரும் கடிதம் ஆகியவை வேறு கணக்கு. பிரிக்காத பாங்க் கடிதம் பெட்டிக்குள் இருந்தபடியே வட்டி போடும். இன்னொன்று, செய்தியை மூடுவது போல நினைப்பை மூட முடியாது. டேனியல் வெக்னர் 1987-ல் சிலரிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள் என்றார். அவர்களுக்கு அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

நான்காவது வழி: கைக்கு எட்டும் வேலையைப் பிடிப்பது

நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா என்ற கேள்வியையே இந்த வழி கேட்பதில்லை. இன்றைக்கு என் கை எது வரை எட்டும், அதைச் செய்துவிடுகிறேன் என்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது அந்தச் சின்ன ஊர் மக்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வைகளுமாக ஓடினார்கள். எரியும் ஹெலிகாப்டருக்கு முன் ஒரு போர்வை எம்மாத்திரம் என்று நின்று யோசிக்கவில்லை.

மனம் சரியானால் வேலை செய்யலாம் என்று நாம் காத்திருக்கிறோம். அமெரிக்காவில் பீட்டர் லெவின்சன் 1970களில் இதைத் திருப்பிப் போட்டார். சோர்ந்தவர்கள் முதலில் சின்ன வேலைகளுக்குத் திரும்பட்டும், மனம் பின்னால் வரும் என்றார். மனச்சோர்வு சிகிச்சையில் இன்றும் அது நல்ல முறை. கவாத்து வெட்டிய தேயிலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெட்டியவுடன் வெறும் குச்சி. அந்த மூன்று மாதம் அதைப் பார்த்து நம்பிக்கை வராது. களை எடுக்கலாம், உரம் வைக்கலாம், பாசியைச் சுரண்டலாம். துளிர் அதன் கணக்கில் வரும்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இந்த வழி எனக்குக் கொடுத்த அடியையும் சொல்ல வேண்டும். அம்மா இறந்தபோது நான் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் வரை சமையல், உறவுக்காரர்கள், அப்புறம் தோட்டம், அப்புறம் கொட்டகைக்கு ஓடு மாற்றுவது. "எவ்வளவு தைரியமான பொண்ணு" என்றார்கள். ஒன்பது மாதம் கழித்து அவருடைய ஸ்வெட்டர் ஒன்று பரணில் கிடைத்தது, இரண்டு நாள் எழ முடியவில்லை. துக்கத்துக்கு வேலை மருந்தாகாது. தள்ளிவைக்கத்தான் முடியும். உங்கள் வீட்டில் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருப்பவர் யாராவது இருந்தால், ஒரு டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | தூக்கம் | மறுநாள் வேலை | எதிர்பார்ப்பு பொய்த்தால் | வீட்டாருக்கு |
|---|---|---|---|---|
| நல்லது நடக்கும் | வரும் | பல நேரம் தள்ளிப்போகும் | பலத்த அடி | முதலில் தெம்பு, பின் கடன் |
| கெட்டதற்குத் தயார் | பயத்துக்கு நேரம் ஒதுக்கினால் மட்டும் | நன்றாக நடக்கும் | தாங்கும் | பாதுகாப்பு. கூடவே பயமும் தொற்றும் |
| மூடிக்கொள்வது | உடனே வரும் | பாதிப்பில்லை, கடிதங்களைப் பிரித்தால் | தயாராக இல்லாமல் மாட்டுவோம் | நிம்மதி. சுமை வேறொருவர் தலையில் |
| கைக்கு எட்டும் வேலை | உடம்பு அசந்து வரும் | இதுதான் வேலை | தாங்கும் | உதவி. ஆனால் நம் மனம் அவர்களுக்குத் தெரியாது |

நான்கும் போதாத இடம்

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டே இருந்தால், பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், அங்கே மனப்போக்கைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே வேண்டாம். காய்ச்சலில் இருப்பவரை நாம் பாசிட்டிவாக இருக்கச் சொல்வதில்லை. இதுவும் உடம்போடு சேர்ந்த நோய்தான், மருத்துவம் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் அன்றே பேசுங்கள், தனியாக இருக்க வேண்டாம். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். தோட்டக்காரர் வீடுகளில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு பேருக்கும்

டானிங்டனில் கேட்ட பெண்ணுக்கு முதல் வழியை முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அப்பாவுக்குச் சரியாகிவிடும்" என்று தேதி வைத்து நம்பினால், ஒவ்வொரு டயாலிசிஸும் ஒரு தோல்வியாகத் தெரியும். தங்கச்சி, உனக்கு நாலாவது வழியும், மூன்றாவதில் கொஞ்சமும். டயாலிசிஸ் நாட்கள் வாரத்தில் எவை என்று தெரியும். அந்த நாட்களின் பஸ், சாப்பாடு, யார் கூடப் போவது என்பதைத் தம்பியோடு உட்கார்ந்து எழுதிப் பிரித்துக்கொள். வேலை தேடும் தம்பிக்கும் வாரத்தில் இரண்டு நாள் தன்னால் ஒரு பயன் இருக்கிறது என்று தெரியும். அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் டயாலிசிஸ் செய்கிறார்கள். இன்னும் விசாரிக்கவில்லை என்றால் நாளைக்கே விசாரி. கிட்னியைப் பற்றி ராத்திரியில் போனில் தேடுவதை மட்டும் விட்டுவிடு, கேள்வியைத் தாளில் எழுதி டாக்டரிடம் கேள். உன் அப்பா "நல்லாயிடுவேன்" என்று சொன்னால் மறுத்துப் பேசாதே. அவர் காத்திருக்கும் இடத்தில் இருக்கிறார். அந்தப் போர்வை அவருக்கு வேண்டும்.

அண்ணனுக்கு இரண்டாவது வழி. விலை நம் கையில் இல்லை. குன்னூர் ஏலத்தில் தூள் போகும் விலையை ஒட்டித்தான் தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலைக்கு விலை அறிவிக்கிறது. கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-ல் விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தார்கள். கூட்டாகக் கேட்பதற்குக் கேட்போம், ஏறும் என்று நம்பி மட்டும் உட்கார வேண்டாம். அதற்காகக் கோபத்தில் செடியையும் பிடுங்க வேண்டாம் அண்ணா. வைத்த தேயிலை நல்ல மகசூலுக்கு வர வருஷக்கணக்காகும், பிடுங்க ஒரு நாள் போதும். உங்களுடைய மேல்பாதி நல்ல சரிவு. மண்ணைப் பிடித்து நிற்பது அந்த வேர்தான், அங்கே கேரட்டுக்குக் கொத்தினால் முதல் பெருமழையில் மண் என் தோட்டத்தைத் தாண்டிப் போகும். கீழ்மட்டத்தில் சமமாக இருக்கும் கால் ஏக்கரில் மாற்றுப் பயிர் வைத்துப் பார்க்கலாம். எந்த விலைக்குக் கீழே போனால் பறிகூலிக்கே கட்டாது என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். அவரிடம் மூன்று வருஷத்து பேக்டரி ரசீதுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை டின்னோடு வரச் சொல்லியிருக்கிறேன்.